ஸாலிஹ் மேட்டில் நாற்பது புள்ளிகள்

ஸ்ஃபாக்ஸ்,
6 மார்ச் 2018

தம்பி லம்ஜத்துக்கு,

நான்கு தடவை போன் செய்தேன். மூன்று தடவை மணி அடித்து அடங்கிவிட்டது. நான்காவது தடவை மனூபிய்யா எடுத்து, "அவரு கடலுக்குப் போயிருக்காரு அக்கா" என்றாள். அன்று அடித்த காற்றில் ஸ்ஃபாக்ஸிலிருந்து தீவுக்கு வரும் கப்பலே ஓடவில்லை. நீ எந்தக் கடலுக்குப் போனாயோ தெரியாது. உன் மனைவியைப் பொய் சொல்ல வைக்காதே. அவளுக்கு அது வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏப்ரலில், தீவுக்கு வெளியே கடலுக்கடியில் கிடக்கும் நம் ஸாலிஹ் மேட்டில் ஒரு சோதனை நடத்தப் போகிறோம். சோதிக்கப்போவது கடற்புல்லை அல்ல, புல்லைப் பார்க்கும் முறைகளை. பாதுகாக்கப்பட்ட கடலடியை இனிப் பத்து வருஷத்துக்கு எந்த வழியில் கண்காணிப்பது என்று தலைநகரில் முடிவெடுக்க வேண்டும். இப்போது இருப்பது சோனார். படகிலிருந்து ஒலியை அனுப்பி, அது தரையில் மோதித் திரும்புவதைப் படமாக்கும் கருவி. அதோடு கயிற்றில் கட்டி இழுக்கிற கேமரா ஒன்றையும் ஓட்டிப் பார்ப்போம். கடைசியில் ஆளே மூழ்கி, ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் முளைத்திருக்கும் தண்டுகளை விரலால் எண்ணுவது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் செய்து, எது உண்மை சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பொறுப்பு என்னுடையது.

மேட்டுக்குள் இருக்கும் வாய்க்கால்கள் ஸ்ஃபாக்ஸ் படகோட்டிகளுக்குத் தெரியாது. தரை தட்டிவிடுவார்கள். உன் தோணி வேண்டும், உன் கண்ணும் வேண்டும். இதை அதிகாரியாகக் கேட்கவில்லை.

அம்மாவின் அடக்கத்தன்று என்னைத் துக்கம் கேட்க வந்த வெளியாரோடு வெளியாளாக உட்காரவைத்தாய். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

அக்கா,
வஸீலா

*

கிராத்தன்,
17 மார்ச்

கடலாய்வுக் கூடத்தின் மதிப்பிற்குரிய முனைவர் வஸீலா அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் அதைக் காபிக்கடையில் எல்லோர் முன்னாலும் கொடுத்தார். உறையில் அலுவலக முத்திரை. "என்ன லம்ஜத், மறுபடி எதையாவது புடுங்க வர்றாங்களா?" என்று நூரி கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

தோணி தர முடியாது. கண்ணும் தர முடியாது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே தோணியில்தான் மேட்டை உனக்குச் சுற்றிக் காட்டினேன். எங்கே புல் இடுப்புயரம், எங்கே மடவைக் கூட்டம் ஒதுங்கும், எல்லாம். நீ குறித்துக்கொண்டாய். அடுத்த கோடையில் அந்தப் படத்தோடு அரசாங்கப் படகில் வந்தாய். மீன் சிக்குவதற்காகப் பன்னிரண்டு குடும்பம் நட்டிருந்த மட்டை அடைப்பையும் ஒரே நாளில் பிடுங்கினார்கள். அப்பா நட்ட ஈச்சமட்டையெல்லாம் தண்ணீரில் மிதந்து போயிற்று. நீ ஆரஞ்சுச் சட்டை போட்டு மேல்தட்டில் நின்றாய். நான் மார்பளவு தண்ணீரில் நின்று, "எத்தன நாளைக்கு அக்கா?" என்று கேட்டேன். "ரெண்டு வருஷம்தான்டா. புல்லு தேறட்டும், அப்புறம் திரும்ப நட்டுக்கலாம்" என்றாய்.

வாயால் சொன்னாய். காகிதத்தில் இல்லை. அதனால் இனி உன்னோடு பேச்சுக் கிடையாது. எதுவானாலும் எழுது. தேதி போடு. கையெழுத்துப் போடு.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். எங்கள் மட்டை வேலி நின்றவரை இழுவைப்படகு எதுவும் மேட்டுக்குள் வராது. வந்தால் அதன் மடிவலை கிழியும். வேலியைப் பிடுங்கிவிட்டு மாதத்துக்கொரு முறை காவல் படகு அனுப்புகிறீர்கள். அது வருவது முதல் நாளே துறைமுகத்துக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கொரு தரம் உங்கள் ஆபீஸ் ஒரு தாள் ஒட்டுகிறது. "ஸாலிஹ் மேட்டின் புல்வெளி நலமாக உள்ளது." கீழே உன் கையெழுத்து.

நலமாக இருப்பது புல்லா, உன் கருவியா?

இத்தோடு மேட்டின் படம் ஒன்று வைத்திருக்கிறேன். பென்சிலால் நாற்பது புள்ளி குறித்திருக்கிறேன். கருவியை இங்கே ஓட்டிப் பார். பிறகு நீயே கீழே போய்ப் பார். பதிலை எழுது.

லம்ஜத்

*

ஸ்ஃபாக்ஸ்,
14 ஏப்ரல்

லம்ஜத்,

உன் புள்ளிகளை எடுத்துக்கொண்டேன். நீ சவால் விட்டதற்காக அல்ல. எப்படியும் நாற்பது இடம் வேண்டியிருந்தது. எங்களுக்கு வசதியான இடங்களை நாங்களே தேர்ந்தெடுத்தால் அது சோதனையாகாது.

உன் படத்தை வைத்துத் தட்டுத் தடுமாறி மேட்டுக்குள் போய்ச் சோனார் ஓட்டி முடித்தாயிற்று. கேமராவையும் இழுத்துப் பார்த்தோம். தெற்குக் காற்று கிளம்பித் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. நாற்பதில் பதினோரு இடத்தில்தான் படம் தெளிவாக இருந்தது. பன்னிரண்டாவது இடத்தில் கேமரா, யாரோ எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடிக்க இறக்கியிருந்த பானையின் கயிற்றில் மாட்டிக்கொண்டது. பக்கத்துத் தோணியிலிருந்து ஒரு பெண், "ஏம்மா, மீன் புடிக்க வந்தீங்களா, படம் புடிக்க வந்தீங்களா?" என்று கத்தினாள். கயிற்றை அறுக்காமல் பிரித்துக் கொடுக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் முழு நேரமும் அங்கேயே இருந்து எங்களுக்கு யோசனை சொன்னாள்.

சோனார் சொல்வது இது: உன் நாற்பதில் முப்பத்தொரு இடத்தில் உயிருள்ள புல். ஒன்பது இடத்தில் மணல். தேதியும் கையெழுத்தும் கீழே இருக்கிறது, பார்த்துக்கொள்.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் செய்ததற்கு வெட்கப்படவில்லை. மேட்டின் தென்புறத்தில் அப்போது புல் கையகலம் கையகலமாகச் செத்துக்கொண்டிருந்தது. யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. தேவைப்பட்டால் மறுபடியும் மேல்தட்டில் நிற்பேன். இரண்டு வருஷம் என்று சொன்னது மட்டும் தப்பு. அது எனக்கு மேலே இருந்தவர்கள் எனக்குச் சொன்னது. சரிபார்க்காமல் உனக்குச் சொன்னேன்.

அடுத்த வாரம் மூழ்கப் போகிறேன். கருவி பார்த்தது என்னவென்று நீருக்கடியில் எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத் தாள்களை வேறொருவர் பூட்டி வைத்திருக்கிறார். மொத்த எண்ணிக்கைதான் எனக்குத் தெரியும், எந்தப் புள்ளி எது என்று தெரியாது.

வஸீலா

*

கிராத்தன்,
19 ஏப்ரல்

முப்பத்தொன்று என்று படித்துவிட்டுச் சிரித்தேன். மனூபிய்யா, "என்ன?" என்றாள். "அக்காவோட மெஷினுக்குக் கண்ணு தெரியல" என்றேன்.

கீழே போகும்போது பார்த்துவிட்டு மேலே வந்துவிடாதே. கையை உள்ளே விட்டு இழுத்துப் பார்.

லம்ஜத்

*

ஸ்ஃபாக்ஸ்,
3 மே

லம்ஜத்,

பதினேழு.

ஆறு நாள் மூழ்கினேன். நாற்பது இடத்திலும் சட்டத்தை வைத்து எண்ணினேன். பதினேழு இடத்தில் மட்டும் புல் உயிரோடு இருக்கிறது. கருவி "புல்" என்று சொன்ன மற்ற பதினான்கு இடத்திலும் இருப்பது வேர்ப்பாய். கயிற்றுப் பாய் போல ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பழைய வேர், அதன் மேல் விரலளவு சேறு, அழுக்குப் பாசி. இலை ஒன்றுகூட இல்லை. நீ சொன்னபடி கையை விட்டு இழுத்தேன். கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு பிய்ந்து வந்தது. இந்த வேர்ப்பாயும் சொரசொரப்பாக இருப்பதால் ஒலி இதில் பட்டும் புல்லில் பட்டது போலவே திரும்பி வந்திருக்கிறது. கருவிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நான்கு அறிக்கையில் "நலம்" என்று கையெழுத்துப் போட்டவள் நான். நான்கு தடவையும் கருவியின் படத்தைப் பார்த்துப் போட்டேன். ஒரு தடவைகூட இறங்கவில்லை. செலவைக் குறைக்கச் சொன்னார்கள், நேரம் இல்லை, கருவி புதிது, நம்பினேன். இந்தக் காரணமெல்லாம் உண்மைதான். எழுதிப் பார்க்கும்போது ஒன்றுக்கும் பெறவில்லை.

இயக்குநரிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வஸீலா, இந்தப் பதினாலும் ஒதுங்கி நிக்கிற எண்ணு. எடுத்துட்டா மிச்ச இருபத்தாறுல கருவி ஒரு தப்புகூடப் பண்ணல, பாரு" என்றார்.

"தப்பு பண்ணின இடத்தையெல்லாம் எடுத்துட்டா யாருமே தப்பு பண்ணல சார்" என்றேன்.

"நாலு அறிக்கையும் உன் கையெழுத்து. எனக்காகச் சொல்லல, உனக்காகச் சொல்றேன்" என்றார்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. அந்தப் பதினான்கிலும் இழுவைப்படகின் சங்கிலி தரையை உரசிப் போன தடம் நேர்கோடாகத் தெரிகிறது. இருபத்திரண்டாம் புள்ளியில் செத்த பட்டை பன்னிரண்டு மீட்டர் அகலம்தான், இரு பக்கமும் பச்சைப் புல். அதன் நடுவில் உன் பென்சில் புள்ளி விழுந்திருக்கிறது. கிராத்தன்காரர் யாருக்கும் மேட்டின் அந்த உட்பகுதிக்குள் போகப் பன்னிரண்டு வருஷமாக அனுமதி இல்லை. கரையில் நின்று பார்த்தவனால் இதைக் குறிக்க முடியாது.

உனக்கு எப்படித் தெரியும்?

வஸீலா

*

கிராத்தன்,
9 ஜூன்

அக்கா,

இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் அடுப்பில் போட்டேன். மனூபிய்யாவுக்கு இதில் பாதி தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

மட்டையைப் பிடுங்கினதற்கு மூன்றாவது வருஷம் நான் அக்கரையில் ஒரு இழுவைப்படகில் ஏறினேன். இரண்டு குளிர்காலம். பெயிண்ட் வேலைக்குப் போகிறேன் என்று ஊரில் சொன்னேன். படகு முதலாளிக்கு ஸாலிஹ் மேட்டின் வாய்க்கால் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. நான் வழி காட்டினேன். எங்கே நுழைவது, எங்கே திரும்புவது, எல்லாம் நான்தான்.

வேலை இல்லாமல் போனேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. பானை போட்டுப் பேய்க்கணவாய் பிடித்தே சாப்பிட்டிருக்கலாம், நூரி அப்படித்தான் சாப்பிட்டான். எனக்குக் கோபம். நீ ஒரு படம் வரைந்து எங்களை வெளியே தள்ளினாய். அந்தப் படத்தில் பச்சையாக இருப்பதையெல்லாம் செத்துப்போக வைக்கிறேன், அப்போது இவள் என்ன எழுதுகிறாள் பார்க்கலாம் என்று நினைத்தேன். சங்கிலி கீழே விழும்போது படகே அதிரும். மடிவலையை ஏற்றினால் பாதிக்கு மேல் புல், வேரோடு. அதற்குள் சின்னச் சின்ன மீன், நகத்தளவு. அதையெல்லாம் மண்வாரியால் தள்ளிக் கடலில் கொட்டுவோம். முதல் நாள் எனக்கு வாந்தி வந்தது. இரண்டாம் நாள் வரவில்லை.

பிறகு உன் அறிக்கைக்காகக் காத்திருந்தேன். புல்வெளி அழிந்தது என்று வரும், அலுவலகமே ஆடிப்போகும், நீ அழுவாய், எங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். தாள் வந்தது. "நலமாக உள்ளது." நான் சுவர் முன்னால் நின்று இரண்டு தடவை படித்தேன். நான் கொன்றேன், நீ உயிரோடு இருக்கிறது என்று எழுதினாய். என் கோபம்கூட உங்கள் கண்ணில் படவில்லை. அன்றைக்குத்தான் படகிலிருந்து இறங்கினேன்.

உன் பதினான்கு புள்ளியிலும் வழி காட்டினது நான்.

இதைப் படித்ததும் எரித்துவிடு.

லம்ஜத்

*

ஸ்ஃபாக்ஸ்,
15 ஜூன்

லம்ஜத்,

எரிக்கவில்லை. எழுது, தேதி போடு என்றது நீ.

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவினேன், எதற்கென்று தெரியவில்லை. இருபத்திரண்டாம் புள்ளியின் இரு கரையிலும் நான் எண்ணின புல்லுக்குப் பல நூறு வயது இருக்கும். உனக்குக் கோபம் வந்தால் என் வீட்டுக் கதவில் கல்லெறிந்திருக்கலாம். கப்பலேறி வந்து நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டிருக்கலாம். வாயில்லாத ஒன்றின் மேல் போய்க் காட்டினாய்.

அது அப்படி இருக்கட்டும். இப்போது நடப்பதைச் சொல்கிறேன்.

அறிக்கை முப்பதாம் தேதி போக வேண்டும். இயக்குநர் இன்றைக்கு வேறு வழியில் வந்தார். "இந்தப் புள்ளிகளைக் குறிச்சது யாரு? பேரு இல்லாத ஆளு, அதுவும் அந்த மேட்டு மேல ஆசை உள்ள ஆளு குறிச்ச இடத்த நாம ஏன் கணக்குல எடுக்கணும்?" என்றார். கேள்வி நியாயமாகத்தான் இருக்கிறது. நானாக இருந்தாலும் கேட்பேன். குறித்தவன் யார், அவனுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லாவிட்டால் பதினான்கும் வெளியே போகும். போனால் சோனார் மட்டும் போதும் என்று முடிவாகும். இங்கே மட்டுமல்ல, நாட்டில் பாதுகாக்கப்பட்ட எல்லாக் கடலடிக்கும். செத்த வேர்ப்பாய்க்கு இனிப் பத்து வருஷம் "நலம்" என்று சான்றிதழ் கொடுப்பார்கள்.

நான் என் பிழையை எழுதிக் கொடுக்கப் போகிறேன். நான்கு அறிக்கையும் தவறு என்று. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். உன் பெயரைப் போட உன் அனுமதி வேண்டும். கேட்கிறேன்.

வஸீலா

*

கிராத்தன்,
22 ஜூன்

இல்லை.

நீ தப்பிக்க என் தலைதான் கிடைத்ததா? உன் பெயர் கெட்டால் உனக்கு வேறு நாற்காலி கொடுப்பார்கள். எனக்கு மீன்பிடி உரிமம் போகும். அது போனால்கூடச் சமாளிப்பேன். நூரி தினமும் காபிக்கடையில் எனக்கு எதிரில் உட்காருகிறான். பன்னிரண்டு வருஷமாக இழுவைப்படகுக்காரனைத் திட்டித் திட்டி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நானும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன். அவன் பெண் கல்யாணத்தில் பந்தியில் முதல் தட்டு எனக்கு வைத்தான். அவனிடம் போய் என்ன சொல்வது?

உனக்கு உண்மை வேண்டுமென்றால் உன்னுடையதைச் சொல். என்னுடையதில் கை வைக்காதே.

நீ எழுதின அந்தக் கல்லெறிகிற விஷயம். சரிதான். எறிந்திருக்க வேண்டும்.

லம்ஜத்

*

உள்நாட்டு நன்னீர் மீன்பண்ணை,
6 ஜூலை

லம்ஜத்,

விலாசத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். என்னை மாற்றிவிட்டார்கள். இங்கே ஒரு அணை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஏரி. ஏரியில் கெண்டை. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

உன் பெயரைச் சொல்லவில்லை. முப்பதாம் தேதி எட்டு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் பிழையை வாசித்தேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு இயக்குநர், "புள்ளி குறிச்சவரு யாரு?" என்றார். "தெரியும். சொல்ல மாட்டேன்" என்றேன். "அப்ப பதினாலையும் அடிச்சிருங்க, கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"போட மாட்டேன்."

"வஸீலா, கண்காணிப்புப் பிரிவுக்கு உங்களத்தான் தலைவரா நினைச்சு வெச்சிருக்கேன்."

"நாலு தடவ பாக்காமப் போட்டேன் சார். இப்பப் பாத்துட்டேன். எப்படிப் போடுறது?"

பேனாவை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். கடந்த சில வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் அந்த மாடிப்படியில் இறங்கியதில்லை. அறிக்கை வேறொருவர் கையெழுத்தில் போகிறது. ஜூலை இருபதாம் தேதி ரெம்லா ஊரில் மீனவர்களைக் கூட்டி அதை வாசிக்கப் போகிறார்கள். சட்டப்படி வாசித்தாக வேண்டும், எதிர்ப்பு இருந்தால் பதிவு செய்தாக வேண்டும். இது உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்காக நீ எதுவும் செய்ய வேண்டாம். நான் உனக்காக வாயை மூடிக்கொள்ளவில்லை. பிறர் சொல்ல வேண்டியதை நான் எடுத்துச் சொன்னால் அது களவு.

இத்துடன் பதினான்கு இடத்தின் எண்ணிக்கையையும் என் கைப்பட எழுதி அனுப்புகிறேன். அலுவலகத் தாள் அல்ல, பள்ளிக்கூட நோட்டுத் தாள். கையெழுத்து என்னுடையது. யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, அல்லது பெட்டியில் போட்டுப் பூட்டு.

வஸீலா

*

கிராத்தன்,
26 ஜூலை

அக்கா,

நீ யாரிடமிருந்தாவது கேள்விப்படுவதற்கு முன் எழுதுகிறேன்.

இருபதாம் தேதி ரெம்லா போனேன். போகும்போது வெறுமனே கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். நோட்டுத் தாள் சட்டைப் பையில் இருந்தது. மண்டபம் நிறைய ஆள். விசிறி ஒன்றும் ஓடவில்லை. கோட் போட்ட ஒருவர் திரையில் படம் காட்டினார். பச்சைப் பச்சையாக. "புல்வெளி நலமாக உள்ளது. இனிமேலும் இதே கருவியால் கண்காணிக்கப்படும்" என்றார்.

நூரி எழுந்து, "அப்ப மீனு எங்க போச்சு?" என்றான். "அது வேற துறை" என்றார் கோட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அதே மாதிரிதான் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

எழுந்தேன். உன் தாளை வாசித்தேன். ஒன்று ஒன்றாக, பதினான்கும். "அந்தப் புள்ளிகள் செல்லாது, குறிச்சது யாருன்னே தெரியாது" என்றார்.

"நான்தான் குறிச்சேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் இழுத்தேன்" என்றேன். "ரெண்டு குளிர்காலம். சங்கிலி போட்டு. எந்தப் படகு, எந்த வாய்க்கால், எல்லாம் சொல்றேன். எழுதிக்குங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. "எதிர்ப்புன்னா பதிவு பண்ணணும்னு சட்டம் இருக்கு, எழுதுங்க" என்றேன். பின்னால் இருந்து யாரோ, "எழுதுய்யா" என்றார்கள். பிறகு இன்னும் நாலு குரல். எழுதினார். இரண்டு பக்கம்.

நூரி முழுக்க முடியும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எம் பொண்ணு கல்யாணத்துல சாப்பிட்ட" என்று மட்டும் சொன்னான். போய்விட்டான்.

ஆறு மாதத்துக்கு உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஊரில் யாரும் என் வீட்டு வாசலில் நிற்பதில்லை. மனூபிய்யா ரொட்டி வாங்கப் போனால் வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் விடுகிறார்கள். அவள், "நல்லதாப் போச்சு, காத்து வருது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்று நடந்தது. பதிவாகிவிட்டதால் அறிக்கையை அப்படியே அனுப்ப முடியவில்லையாம். பதினான்கு இடத்திலும் ஊர்ச் சாட்சி முன்னிலையில் மறுபடி மூழ்கிப் பார்க்க வேண்டும் என்று தலைநகரிலிருந்து உத்தரவு. யார் மூழ்குவது என்று கேட்டார்கள். ஊர்க்காரர்கள் உன்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். பாசத்தினால் என்று நினைத்துக்கொள்ளாதே. "பொய்யின்னு தெரிஞ்சதும் தன் கையெழுத்தத் தானே அழிச்சவ" என்று நூரி சொன்னானாம்.

தோணி நம்முடையது. வாய்க்கால் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை.

லம்ஜத்

*

நன்னீர் மீன்பண்ணை,
2 அக்டோபர்

தம்பி,

மறுபடி மூழ்கின ஆறு நாளும் ஒரே தோணியில் இருந்தோம். "கயிறு விடு", "இடப்பக்கம்", "போதும்". இதற்கு மேல் நாம் பேசியதாக எனக்கு நினைவில்லை. நூரி நமக்கு நடுவில் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தான். அதனால் பேசாமல் விட்டதை எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. சோனார் இனித் தனியாகப் போகாது. ஒவ்வொரு பாதுகாப்புப் பகுதியிலும் வருஷத்துக்கு ஒரு முறை ஆள் இறங்கிச் சதுரச் சட்டம் வைத்து எண்ண வேண்டும், இடங்களில் பாதியை மீனவர்கள் குறிக்க வேண்டும். இதுவே தம்முடைய நெடுநாள் கருத்து என்று இயக்குநர் ஒரு கூட்டத்தில் பேசியதாகக் கேள்வி. பேசட்டும். நூரி முகமூடியைக் கடன் வாங்கிக்கொண்டு கீழே போய், ஒரு கை நிறையக் கறுப்பு வேரைக் கொண்டுவந்து, கடைசி நாள் நம் தோணியில் வந்து உட்கார்ந்திருந்த அவர் மடியில் இருந்த தாள்களின் மேல் வைத்தானே, அதற்குப் பிறகு அவருக்கு வேறு கருத்து இருக்க வழியில்லை.

என் நான்கு அறிக்கையையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். "திருத்தத்துக்காக" என்று போட்டிருக்கிறது. யார் பிழை என்று இல்லை. என் பெயரைப் போட வேண்டும் என்று எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதுவேன். பழைய வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். பெயரோடு திருத்தம் வந்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை கெண்டையோடு இருக்கிறேன். அவை பரவாயில்லை, அறிக்கை எழுதுவதில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. தோணியில் நீ கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்க்கும்போதெல்லாம் சங்கிலிதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அந்தக் கயிற்றில்தான் கீழே போனேன். ஒரு தடவைகூட மேலே திரும்பிப் பார்க்கவில்லை. இது என்னவென்று எனக்கே தெரியவில்லை.

அக்கா

*

கிராத்தன்,
18 நவம்பர்

அக்கா,

மன்னிக்க வேண்டாம். நானும் உன்னை மன்னிக்கவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.

மேட்டின் கிழக்கு ஓரத்தில் மட்டை அடைப்பு நடலாம் என்று உத்தரவு வந்திருக்கிறது, இழுவைப்படகு நுழையாமல் தடுக்க. பதினோரு குடும்பத்துக்கு. பன்னிரண்டாவது நாம். நம் பெயரை அடித்துவிட்டார்கள். நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. மற்றதற்கெல்லாம் சொல்வேன், இதற்குச் சொல்ல மாட்டேன்.

மட்டை நடத் தொடங்கின அன்று காலையில் நான் போய் நூரியின் தோணிக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்றேன். அவன் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. மட்டையைத் தூக்கிக் கொடுத்தேன், வாங்கினான். இரண்டாம் நாள் நானே நட்டேன். மத்தியானம் அவன் என் வரிசையைப் பார்த்துவிட்டு, "கோணலா நடுற" என்றான். நான்கு மாதத்தில் ஊரில் ஒருவன் என்னிடம் பேசினது அதுதான். பிடுங்கி நேராக நட்டேன்.

நேற்று இருபத்திரண்டாம் புள்ளிக்குப் போனேன். உரிமம் இன்னும் வரவில்லை. மீன் பிடிக்கவில்லை, பார்க்கத்தான் போனேன், யாராவது கேட்டால் அதையும் எழுதிக்கொள்ளட்டும். அன்று தோணியில் நூரி கேட்டதற்கு நீ சொன்னாயே, இந்தப் புல் வருஷத்துக்கு இரண்டு விரற்கடைதான் நகரும் என்று. அந்தப் பட்டை பன்னிரண்டு மீட்டர். இரண்டு கரையிலிருந்தும் வந்தாலும் மூடுவதற்கு நூற்றைம்பது, இருநூறு வருஷம் ஆகும். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு குளிர்காலத்தில் நான் செய்தது.

வருஷத்துக்கொரு முறை எண்ண வேண்டும் என்றால் யாராவது முதல் வருஷத்தை எண்ண வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் தண்ணீர் தெளிவாக இருக்கும். கெண்டையிடம் சொல்லிவிட்டு வா. கொல்லனிடம் புதிதாக இரண்டு சதுரச் சட்டம் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றில் நான் எண்ணுகிறேன்.

லம்ஜத்